வேற பஸ் கிடையாது

'தி பிளேஸ் பியாண்ட் தி பைன்ஸ்' (2012) படத்தைப் பார்த்தவர்களில் பலர் சொல்லும் குறை ஒன்றுண்டு. வங்கியைக் கொள்ளையடித்தவனின் மகனும், அவனைச் சுட்டுக் கொன்ற காவலரின் மகனும் 15 ஆண்டுகள் கழித்து ஒரே பள்ளியில் வந்து சேர்வது கதைக்காகச் செய்த ஏற்பாடு என்பார்கள். பாளையங்கோட்டையில் 22 ஆண்டுகளாக வக்கீல் குமாஸ்தாவாக இருக்கும் எனக்கு அப்படித் தோன்றவில்லை. (தொடக்கத்தில் வரும் கூண்டுக்குள் மோட்டார் சைக்கிள் ஓட்டும் காட்சியைவிட நம் பொருட்காட்சி மரணக் கிணறுதான் எனக்கு அதிகப் பயம் தந்தது என்பது வேறு விஷயம்.)

சில ஆண்டுகளுக்கு முன், மதுரைக் கிளையில் மேல்முறையீடும் முடிந்துவிட்ட ஒரு கொலை வழக்கில், இறந்தவரின் பொருள்களைத் திரும்பப் பெற அவருடைய மகன் வந்திருந்தான். தகப்பன் வெட்டுப்பட்டபோது அவனுக்கு 3 வயது. மனு எழுதிக் கொடுத்து, நானே உடன் சென்றேன். அரக்கு வைத்த காக்கி உறைக்குள் நின்றுபோன கைக்கடிகாரமும், மடிப்பில் வெடித்த தோல் பர்ஸும் இருந்தன. பர்ஸில் பணமில்லை, எழுத்து அழிந்த பஸ் டிக்கெட்டும், அதற்குப் பின்னால் ஆனித் தேரோட்டத்தன்று ஸ்டூடியோவில் எடுத்த ஒரு புகைப்படமும் இருந்தன. தகப்பன், தாய், தாயின் மடியில் ஒரு குழந்தை. நெடுநேரம் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, இது நானா?" என்று கேட்டான்.

படத்தில் அந்தக் காவலர், தான் கொன்றவனின் குடும்பப் புகைப்படத்தை அத்தனை காலமும் தன் பர்ஸிலேயே வைத்திருக்கிறார். காட்டில் அவரை மண்டியிட வைத்த மகன் சுடாமல் பர்ஸைப் பிடுங்கிக்கொண்டு போய், பிறகு அதைத் திறந்து பார்க்கிறான். படத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம். துரத்தல்களும் துப்பாக்கிகளும் அதற்கு முன் ஒன்றுமில்லை.

தேநீர்க் கடையில்தான் அவன் மற்றதைச் சொன்னான். தண்டனை பெற்றவருடைய மகன் பக்கத்துத் தெரு. இருவரும் படிப்பது ஒரே கல்லூரி. ஊருக்குக் காலையில் வருவது ஒரே பஸ். பேசிக்கொள்வதுண்டா என்று கேட்டேன்.

"பேச்செல்லாம் கிடையாது அண்ணாச்சி. அவன் முன்படியில ஏறுனா நான் பின்படியில ஏறிக்கிடுவேன். வேற பஸ் கிடையாதுல்லா."