விழுந்த மூங்கிலில் செய்த குழல்: மேலே பேசுகிறது, கீழே புஸ்ஸென்று காற்றுதான்

கூடலூர் காற்று:
வணக்கம். மாமாவின் தேயிலைத் தோட்ட வேலியோரம் ஒரு மூங்கில் புதர் உண்டு. ஆடிக் காற்றில் விழுந்து கிடந்தவற்றில் நேரானதாகப் பார்த்து எடுத்துக் காயவைத்து, 5 கட்டை சுருதியில் ஒரு கர்நாடகக் குழல் செய்திருக்கிறேன். துளைகளெல்லாம் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் சுட்டவை. அளவை வாத்தியாரின் குழலிலிருந்து எடுத்தேன். மேலிருந்து நான்கு விரல் மூடும் வரை நாதம் சுத்தமாக வருகிறது. ஐந்தாவது விரலை வைத்ததும் கரகரப்பு, அதற்குக் கீழே வெறும் காற்று. துளைகளைப் பெரிதாக்கினால் சரியாகுமா? பச்சை மூங்கிலை வெட்ட மாமா விடமாட்டார், எனக்கும் மனமில்லை. விழுந்ததிலேயே செய்ய வழி வேண்டும்.

பட்டறை:
துளையைத் தொடாதீர்கள் தம்பி. பெரிதாக்கிய துளையைத் திரும்பச் சின்னதாக்குவது பெரும்பாடு.

நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் கசிவு. கீழ் ஸ்வரம் பேச, குழலுக்குள் நீளமான காற்றுத்தூண் அறுபடாமல் நிற்க வேண்டும். நடுவில் எங்காவது காற்று தப்பினால் அதுவும் ஒரு திறந்த துளைதான். நான்கு விரலில் சுத்தமாக வந்து ஐந்தில் கெடுகிறது என்றால், கோளாறு ஐந்தாம் துளையிலோ அதற்கும் ஆறாவதுக்கும் நடுவிலோ இருக்கிறது.

எல்லாத் துளைகளையும் டேப் ஒட்டி மூடுங்கள், ஊதுதுளையையும் சேர்த்து. திறந்த முனையில் வாயை வைத்து ஊதிக்கொண்டே மீதிக் குழலை வாளித் தண்ணீரில் அமிழ்த்துங்கள். பஞ்சர் கடையில் டியூபைப் பார்ப்பது போலத்தான். குமிழி எங்கே வருகிறதோ அங்கே பென்சிலால் குறித்துவிட்டு, உடனே துடைத்து நிழலில் உலர்த்துங்கள்.

மலையோரம்:
கசிவு பற்றி அண்ணன் சொன்னது சரி. ஆனால் மூங்கிலைப் பற்றியும் கேட்க வேண்டியிருக்கிறது. அது ஏன் விழுந்தது, எத்தனை நாள் தரையில் கிடந்தது? "இயற்கையாக விழுந்தது" என்பது தகுதி ஆகாது. காற்றில் முதலில் சாய்வது பெரும்பாலும் முற்றாத கழிதான். கணுவில் மடல் ஒட்டியிருந்து, தண்டில் வெள்ளைப் பொடி பூசினாற்போல் இருந்தால் அது இளசு. காயும்போது சுருங்கும், வெடிக்கும். மூன்று வயதாவது ஆன கழியில் மடல் உதிர்ந்து, தண்டில் தேமல் போலப் பாசி படிந்திருக்கும்.

பூத்துச் செத்த புதர் என்றால் வேறு கதை. முள் மூங்கில் நாற்பது ஐம்பது வருடத்துக்கு ஒருமுறை கூட்டமாகப் பூத்து அப்படியே மாய்ந்துபோகும். அந்தக் கழிகள் எளிதில் நொறுங்கும்.

என்னைக் கேட்டால் தரையில் கிடப்பதை விட்டுவிட்டு, செத்தும் விழாமல் புதரிலேயே சாய்ந்து நிற்கும் கழியைத்தான் எடுப்பேன். மண் ஈரம் படாததால் பூஞ்சை ஏறியிருக்காது. விரலால் சுண்டினால் கணீரென்று கேட்க வேண்டும். மொத்தென்று கேட்டால் அடுப்புக்குப் போகட்டும். மேலே கறுப்புக் கறை மட்டும் இருந்தால் பரவாயில்லை, நகம் இறங்கினால் வேண்டாம்.

சுவர் எவ்வளவு தடிமன்? 2, 3 மில்லிமீட்டர் போதும். கல் மூங்கில், முள் மூங்கில் இரண்டுக்கும் அடிப்பகுதியில் சுவர் கனம், ஊதவே மூச்சு முட்டும். மேல் பாதியில் பாருங்கள்.

பொறுமையில்லாதவன்:
இவ்வளவு பாடு எதற்கு? அசாம் மூங்கில் குழாய் விலைக்குக் கிடைக்கிறதே. உத்தரப் பிரதேசத்துப் பீலிபித்தில் புல்லாங்குழல் செய்கிறவர்களே அங்கிருந்துதான் வரவழைக்கிறார்கள்.

மலையோரம்:
கிடைக்கிறதுதான். அவர் கேட்டது அதை இல்லையே.

கூடலூர் காற்று:
பட்டறை அண்ணா, சொன்ன இடத்திலேயே குமிழி வந்தது! ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில் ஊசி நுழையும் அளவில் ஒரு ஓட்டை. தட்டினால் மாவு மாதிரி தூள் கொட்டுகிறது. காலையில் பார்த்தால் மேஜையிலும் தூள். உளுத்துவிட்டதா? கரையான் மருந்து வீட்டில் இருக்கிறது, அடிக்கலாமா? மண்ணெண்ணெயில் ஊறப்போடச் சொல்கிறார்கள். சுவர் 3 மில்லிமீட்டர்தான்.

பட்டறை:
மருந்தும் வேண்டாம், மண்ணெண்ணெயும் வேண்டாம். உதட்டில் வைக்கிற பொருள் அது.

புதிதாகத் தூள் விழுகிறதென்றால் வண்டு இன்னும் உள்ளே உயிரோடு இருக்கிறது. மூங்கிலில் உள்ள மாவுச்சத்துதான் அதற்குத் தீனி. வெட்டுகிறவர்கள் கழியை ஓடும் தண்ணீரில் வாரக்கணக்கில் போட்டு வைப்பது அந்தச் சத்தைக் கரைக்கத்தான். பூச்சி அரிக்காமல் இருக்கத் தேய்பிறையில் வெட்டு என்பார்கள், விழுந்த மூங்கிலிடம் போய் யார் தேய்பிறை கேட்பது!

இப்போது செய்ய வேண்டியது: நன்றாக உலர்ந்த பிறகு பிளாஸ்டிக் உறையில் காற்றுப் புகாமல் கட்டி, டீப் ஃப்ரீசரில் இரண்டு வாரம் விடுங்கள். வீட்டு ஃபிரிட்ஜின் ஐஸ் பெட்டி போதாது, மைனஸ் 18 டிகிரி வேண்டும். ஐஸ்கிரீம் கடைக்காரர் யாராவது பழக்கம் இருந்தால் கேட்டுப் பாருங்கள். வெளியே எடுத்ததும் உறையைப் பிரிக்காதீர்கள், அறைச் சூட்டுக்கு வரட்டும். இல்லாவிட்டால் குழல் மேல் ஈரம் கோக்கும்.

அப்புறம் மூங்கில் தூளை ஓட்டையில் அடைத்து ஒரு சொட்டு ஃபெவிகுவிக். காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள். அந்த இடத்தில் நூல் சுற்றிக் கட்டினால் வெடிப்புக்கும் பாதுகாப்பு.

நீலகிரி வாசகர்:
ஒரு விஷயம். தோட்டத்துப் புதர் என்றாலும் வனத்துறையிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். 2017 திருத்தத்துக்குப் பிறகு காட்டுக்கு வெளியே வளரும் மூங்கில் மத்திய அரசின் இந்திய வனச் சட்டத்தில் மரக் கணக்கில் வராது. வேலி தாண்டிக் காட்டுக்குள் கிடப்பது அப்படியல்ல. விழுந்ததாக இருந்தாலும் அது வனப்பொருள், அனுமதி இல்லாமல் எடுக்கக் கூடாது.

கூடலூர் காற்று:
தூள் நின்றுவிட்டது, ஓட்டையும் அடைபட்டது. கீழ் ஸ்வரங்கள் வருகின்றன, நன்றி அண்ணா! ஒரு சந்தேகம் மட்டும். காலையில் ட்யூனர் ஆப்பில் பார்த்தால் சுருதி இறங்கியிருக்கிறது, மதியம் சரியாக இருக்கிறது.

பட்டறை:
அது மூங்கிலின் குற்றமில்லை. காற்றுச் சூடு ஒரு டிகிரி கூடினால் சுருதி ஏறக்குறைய 3 சென்ட் ஏறும் (அரை ஸ்வர இடைவெளியில் நூறில் ஒரு பங்குதான் ஒரு சென்ட்). உங்கள் ஊர்க் காலைக்கும் மதியத்துக்கும் 10 டிகிரி வித்தியாசம் இருந்தால் 30 சென்ட், காதுக்கே தெரியும். சில நிமிடம் ஊதிக் குழல் சூடான பிறகு பாருங்கள். அதற்கு முன்னால் உப்புத்தாளைக் கையில் எடுக்காதீர்கள்.