பனிப்பாளத்தின் மேல் உள்ள மிதவை வினாடிக்கு 80 செ.மீ. வேகத்தில் துள்ளுவது ஏன்?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். 1990களில் ஆர்க்டிக் கடற்பனியின் மேல் வைக்கப்பட்ட ஒரு மிதவையின் ஆர்கோஸ் (செயற்கைக்கோள் வழியாக இடமறியும் அமைப்பு) நிலைப்பதிவுகளை ஆராய்ந்து வருகிறேன். மிதவை வடக்கு 86 பாகையை ஒட்டி நகர்கிறது. அடுத்தடுத்த இரு பதிவுகளுக்கு இடைப்பட்ட தூரத்தை நேரத்தால் வகுத்தால், வினாடிக்கு 10 செ.மீ. அளவில் ஊர்ந்துகொண்டிருந்த பனிப்பாளம் திடீரென 80 செ.மீ. வேகத்தில் பாய்ந்து, அடுத்த பதிவிலேயே பழைய இடத்துக்குத் திரும்பிவிடுகிறது. 24 மணி நேரச் சராசரி எடுத்தால் துள்ளல் அடங்குகிறது. ஆனால் பாதையில் தெரிந்த சிறு வளையங்களும் மறைந்துபோகின்றன. தவறு எங்கே இருக்கிறது?

மறுமொழி 1

செயற்கைக்கோள் நெருங்கி வந்து விலகும்போது, மிதவையின் 401.65 மெகாஹெர்ட்ஸ் அலையின் அதிர்வெண் உயர்ந்து பின் தாழ்வதாகப் பதிவாகிறது. அந்தச் சரிவைக் (டாப்ளர் சரிவு) கொண்டு மிதவை செயற்கைக்கோளின் சுற்றுப்பாதையிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று அறியலாமே தவிர, எந்தப் பக்கம் இருக்கிறது என்று எளிதில் அறிய முடியாது. தவறான பக்கத்து விடை கலந்திருக்கக்கூடும்.

மறுமொழி 2

அந்த விளக்கம் சரியானது, ஆனால் இந்த மிதவைக்குப் பொருந்தாது. அன்று ஆர்கோஸ் கருவியைச் சுமந்த அமெரிக்காவின் நோவா வானிலைச் செயற்கைக்கோள்களின் பாதை ஏறக்குறைய 81 பாகையைத் தாண்டி வடக்கே சென்றதில்லை. 86 பாகையில் உள்ள மிதவை எப்போதும் துருவத்தின் பக்கமே இருக்கும்; தவறான விடை அதிலிருந்து குறைந்தது ஆயிரம் கி.மீ. தள்ளித்தான் விழும். உங்கள் துள்ளலோ சில நூறு மீட்டர்தான்.

பதிவுகளின் நேரத்தைப் பாருங்கள். துருவத்துக்கு அவ்வளவு அருகில் இரண்டு செயற்கைக்கோள்கள் அடுத்தடுத்துக் கடப்பதால், பத்து நிமிட இடைவெளியில் இரண்டு நிலைகள் கிடைக்கின்றன. ஒவ்வொன்றிலும் 350 மீட்டர் பிழை இருந்தால், வித்தியாசத்தில் ஏறக்குறைய 500 மீட்டர். அதை 600 வினாடியால் வகுத்தால் உங்கள் 80 செ.மீ. வந்துவிடுகிறது. பனி பாயவில்லை, அளவீட்டின் பிழைதான் வேகமாகத் தோன்றுகிறது.

சராசரி எடுப்பதை விட்டுவிடுங்கள். அந்த வளையங்கள், பூமி சுழல்வதால் தோன்றும் கோரியோலிஸ் விசையால் 86 பாகையில் ஏறக்குறைய 12 மணி நேரத்துக்கு ஒருமுறை உண்டாகும் உண்மையான அசைவுகள்; அவற்றை இழக்கக் கூடாது. பிழையுள்ள பதிவுகளிலிருந்து நிலையையும் வேகத்தையும் சேர்த்து மதிப்பிடும் கணக்குமுறையான கால்மன் வடிகட்டியை முன்னோக்கியும் பின்னோக்கியும் ஓட்டுங்கள். பிழையளவை ஆர்கோஸ் தரும் தரவகுப்பிலிருந்து எடுங்கள்: 3 என்றால் 250 மீட்டருக்குள், 2 என்றால் 500க்குள், 1 என்றால் 1500க்குள். தீர்க்கரேகையில் நேரடியாகக் கணக்கிடாதீர்கள். அங்கே ஒரு பாகை 8 கி.மீ.க்கும் குறைவு, ஆகவே முதலில் துருவத்தை மையமாகக் கொண்ட தட்டையான வரைபடத் தளத்துக்கு மாற்றுங்கள். காற்றுத் தரவு இருந்தால் துணைக்கு வைத்துக்கொள்ளலாம்: பனி காற்றின் வேகத்தில் சுமார் 2 விழுக்காட்டில், காற்றுக்கு வலப்புறம் திரும்பி நகரும் என்பதை நான்சன் 1893-96 ஃப்ராம் பயணத்திலேயே கவனித்தார்.

கேட்டவர்

மிக்க நன்றி. துள்ளல் போய், வளையங்கள் ஒவ்வொன்றாகத் தெளிந்து வந்ததைக் கண்டு மகிழ்ந்தேன். ஆனால் மார்ச்சில் மூன்று நாள்களில் மட்டும், எச்சப்பிழைகள் (பதிவான நிலைக்கும் வடிகட்டி தந்த நிலைக்கும் உள்ள வேறுபாடுகள்) எல்லாம் செயற்கைக்கோளின் சுற்றுப்பாதைக்குக் குறுக்காக ஒரே பக்கம் சாய்ந்திருக்கின்றன.

மறுமொழி 2

மிதவையின் வெப்பநிலைப் பதிவைப் பாருங்கள். கடுங்குளிர் சட்டென்று இறங்கினால் அலையை உண்டாக்கும் அலையியற்றியின் அதிர்வெண் செயற்கைக்கோளின் ஒரே கடப்புக்குள்ளேயே நகரும். டாப்ளர் சரிவு மாறுவதால் பிழை குறுக்குத் திசையில் சேரும்.

கேட்டவர்

ஆம், அந்த மூன்று நாள்களிலும் வெப்பநிலை 20 பாகைக்கு மேல் இறங்கியிருக்கிறது. அந்தப் பதிவுகளுக்குக் குறுக்குத் திசைப் பிழையளவை மட்டும் மூன்று மடங்காக்கி மீண்டும் ஓட்டியதில், பாதை அந்த நாள்களுக்கு முன்னும் பின்னும் உள்ள பகுதிகளோடு ஒட்டி வந்துவிட்டது.