பழைய டாஸ் கேம் முழுத்திரையில்: இழுத்து நிரப்பணுமா, கறுப்புப் பட்டையோட விடணுமா?

தூசிதட்டி:
பழைய டாஸ் கேம்களை இன்றைய கம்ப்யூட்டரில் ஓட்டவைக்கும் டாஸ்பாக்ஸ் மென்பொருளில் டூம் (1993) ஓட்டுகிறேன். ஆல்ட்டும் என்டரும் சேர்த்து அடித்தால் திரை முழுக்கக் கறுப்பு, நட்டநடுவில் தபால்தலை மாதிரி படம். கான்ஃபிக் ஃபைலில் ஃபுல்ரெசல்யூஷனை டெஸ்க்டாப் என்று மாற்றினேன், அதற்குப் பிறகுதான் இந்தக் கதை. மானிட்டர் 1920×1080. எங்கே தப்பு?

நாலுக்குமூணு:
பாதிதான் மாத்தியிருக்கீங்க. கொஞ்சம் கீழே அவுட்புட்=சர்ஃபேஸ்னு இருக்கும் பாருங்க. சர்ஃபேஸ் படத்தைத் திரை அளவுக்குப் பெரிசாக்காது. டூமோட 320×200 படத்தை ஸ்கேலர்ங்கற பகுதி இரண்டு மடங்காக்கிக் கொடுத்த 640×400-ஐ அப்படியே நடுவில் வெச்சுட்டு சும்மா இருக்கும். அதை ஓப்பன்ஜிஎல்னு மாத்துங்க. படம் மசமசன்னு தெரிஞ்சா ஓப்பன்ஜிஎல்என்பி, அது புள்ளியை மங்கலாக்காமல் காட்டும். அப்புறம் ரெண்டர் பகுதியில் ஆஸ்பெக்ட்=ட்ரூ, படம் பழைய மானிட்டரோட 4:3 வடிவத்துக்கு வரும். இதை மட்டும் விட்டுடாதீங்க.

அகலத்திரை:
முதல் பாதி சரி. ஆஸ்பெக்ட் எதுக்கு? அதைப் போட்டா படம் 1440×1080-ல நின்னுடும், இடமும் வலமும் 240 புள்ளி கறுப்பு. அவர் கேட்டது முழுத்திரை. ஃபுல்ரெசல்யூஷனைப் பழையபடி ஒரிஜினல்னு விட்டுட்டு, கிராஃபிக்ஸ் கார்டு செட்டிங்கில் திரை முழுக்க இழுக்கச் சொன்னா வேலை முடிஞ்சது. 320×200-ங்கறது 16:10. இன்றைய திரைக்குப் பக்கத்துல இருக்கற படத்தைப் பிடிச்சு 4:3-க்குள்ள நசுக்கறது நீங்கதான்.

நாலுக்குமூணு:
இந்த 16:10 கணக்கை எல்லாரும் ஒரு தடவை போட்டு ஏமாந்திருக்கோம், நானும்தான். புள்ளி சதுரம்னு நினைச்சா மட்டும்தான் அந்தக் கணக்கு சரி. அன்றைய பிசி கிராஃபிக்ஸ் முறையான விஜிஏவில் 320×200, 256 நிறம் வந்தப்போ எதிரே இருந்தது 4:3 குழாய் மானிட்டர். அந்த 200 வரியையும் அது திரை உயரம் முழுக்கப் பரப்பிக் காட்டும். அதனால ஒவ்வொரு புள்ளியும் அகலத்தைவிட 1.2 மடங்கு உயரம். நான் நசுக்கலை, அன்னைக்கு இருந்த உயரத்தைத் திருப்பிக் கொடுக்கறேன். நீங்க 16:9-க்கு இழுத்தா எல்லாமே மூணில் ஒரு பங்கு கூடுதல் அகலம். டூமில் கீழ்ப்பட்டையில் ஒரு முகம் இருக்குமே, அதை உங்க திரையில் பாருங்க. பல்வலி வந்து கன்னம் வீங்கின மாதிரி இருக்கும்.

அகலத்திரை:
பத்து நிமிஷம் ஆடினா கண் பழகிடும். கறுப்புப் பட்டைதான் எனக்குப் பழகவே மாட்டேங்குது. அதோட, படம் வரைஞ்ச எல்லாரும் உங்க 1.2-ஐ மனசில் வெச்சா வரைஞ்சாங்க? வேற கம்ப்யூட்டரில் இருந்து கொண்டுவந்த கேம்களில் ஒரு காட்சியில் நிலா வட்டமா இருக்கும், அடுத்ததில் முட்டை. ஆஸ்பெக்ட் போட்டாலும் போடாட்டியும் ஒண்ணு கோணல்தான்.

நாலுக்குமூணு:
அப்படிச் சில கேம் இருக்கு, ஒத்துக்கறேன். அதுக்கு ஆஸ்பெக்ட்டை அணைச்சுப் பாருங்க, எது வட்டமா வருதோ அதை வெச்சுக்கோங்க. அப்பவும் 16:9 இழுப்பு எந்தப் பக்கத்து நியாயம்? அந்த அளவுக்கு அன்னைக்கு யாருமே வரையலையே. 640×480 கேம்னா இந்தச் சண்டையே இல்லை, அங்கே புள்ளி சதுரம்.

முழுமடங்கு:
இரண்டு பேரும் வடிவத்துக்கு அடிச்சுக்கறீங்க. 200 வரியை 1080-க்கு ஏத்தினா ஒரு வரிக்கு 5.4 வரி. 0.4 வரியை எங்கே வரைவீங்க? ஓப்பன்ஜிஎல்என்பி போட்டா சில வரி 5 புள்ளித் தடிமன், சில வரி 6. திரை நகரும்போது அலை மாதிரி நெளியும். என்பி போடலைன்னா மங்கல். கச்சிதம்னா அகலம் 5 மடங்கு, உயரம் 6 மடங்கு, அதாவது 1600×1200. 1080-ல அது நுழையாது. அதனால நான் அகலம் 4 மடங்கு, உயரம் 5 மடங்கு வெச்சுக்கறேன்: 1280×1000. 4:3-ல இருந்து நாலு சதவீதம்தான் விலகல், ஆனா எல்லாப் புள்ளியும் ஒரே அளவு. பழைய டாஸ்பாக்ஸ் 0.74-ல் இதுக்கு வழி இல்லை. அதுல இருந்து பிரிஞ்சு வந்த டாஸ்பாக்ஸ் ஸ்டேஜிங்கில் முழு மடங்கு அளவுக்குன்னே தனி செட்டிங் இருக்கு.

அகலத்திரை:
ஆக, நாலு பக்கமும் கறுப்பு. முழுத்திரை கேட்டவருக்கு இதுதான் பதிலா?

முழுமடங்கு:
மேலே 40 வரி, கீழே 40 வரி. அதுக்கா இந்தப் புலம்பல்? உங்க ஒரிஜினல் வழியில் மானிட்டர் ஒவ்வொரு தடவையும் மோடு (திரையோட புள்ளி அளவு) மாத்தி, ஒரு நொடி இருட்டாகி வரும். சில மானிட்டர் அந்த மோடே தெரியாதுன்னு கைவிரிச்சுடும். அது பரவாயில்லையா?

நாலுக்குமூணு:
இழுத்தாலும் இழுக்காட்டியும் தீராதது ஒண்ணு உண்டு. அந்த விஜிஏ மோடு நொடிக்கு 70 தடவை திரையைப் புதுப்பிக்கும், நம்ம மானிட்டர் பெரும்பாலும் 60. பக்கவாட்டில் ஓடுற கேமில் அப்பப்போ ஒரு சின்னக் குதிப்பு வரும். அதுக்கு டாஸ்பாக்ஸைத் திட்டாதீங்க.

தூசிதட்டி:
ஓப்பன்ஜிஎல்என்பியும் ஆஸ்பெக்ட்டும் போட்டதும் உடனே சரியாகிவிட்டது, நன்றி. அகலத்திரை சொன்னபடி இழுத்தும் பார்த்தேன். அந்த வீங்கிய கன்னத்தைப் பார்த்த பிறகு மனசு கேட்கவில்லை, 4:3-க்கே திரும்பிவிட்டேன். ஒரே வருத்தம் முழுமடங்கு மேல்தான். காலையில் எல்லாம் அழகாகத்தான் இருந்தது. அந்த 5, 6 வரி விஷயத்தைப் படித்ததில் இருந்து மெனு எழுத்தில் எந்தக் கோடு தடிமன் என்று எண்ணிக்கொண்டிருக்கிறேன். ஸ்டேஜிங் இறக்கிக்கொண்டிருக்கிறது.