புதுப்பிப்பு: சேமிப்பை எடுத்து கிரெடிட் கார்டு பாக்கியை அடைத்தோம்

8 மாதம் முன்பு கேட்டிருந்தேன்: கையில் கொஞ்சம் சேமிப்பு இருக்கிறது, கிரெடிட் கார்டிலும் பாக்கி இருக்கிறது, சேமிப்பைத் தொடலாமா என்று. "முதலில் கார்டை முடியுங்கள், ஆனால் கையைத் துடைத்துவிடாதீர்கள்" என்று பலரும் சொன்னீர்கள். அப்படியே செய்தோம்.

அன்று இரவு மனைவியும் நானும் பில்லை விரித்து வைத்து உட்கார்ந்தோம். மாதம் 3% வட்டி என்று ஓர் ஓரத்தில் சின்ன எழுத்தில் இருந்தது. 3 தானே என்றுதான் நானும் இருந்தேன். வட்டிக்கு வட்டி சேர்த்துப் போட்டுப் பார்த்தால் வருடத்துக்கு 42.6% வருகிறது. ஒன்றுமே கட்டாமல் விட்டால் 24 மாதத்தில் கடன் இரட்டிப்பு. அவள் பென்சிலால் 'குறைந்தபட்சத் தொகை' என்ற வரியை அடிக்கோடிட்டு, "இவ்வளவு நாளும் கட்டியது பெரும்பாலும் வட்டிக்குத்தானா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை.

ஒரு மாதச் செலவுக்கு மட்டும் வைத்துக்கொண்டு மீதியைக் கட்டினோம். அப்படியும் மிச்சமிருந்த கார்டு பாக்கி, மாதத் தவணையாகக் கட்டியதில் 5 மாதத்தில் தீர்ந்தது. அதுவரை கார்டைத் தொடவே இல்லை. பாக்கி இருக்கும்போது பல கார்டுகளில் புதிதாக வாங்குவதற்கும் அன்றைக்கே வட்டி ஓட ஆரம்பித்துவிடும், இதை அவசியம் கவனியுங்கள்.

அப்புறம், அதே தவணைத் தொகை இப்போது சம்பளம் வந்த அன்றே அவசர நிதிக்குப் போகிறது. 2 மாதச் செலவுக்குச் சேர்ந்திருக்கிறது, இலக்கு 6. அம்மாவுக்கு மருத்துவக் காப்பீடு மட்டும் இன்னும் எடுக்கவில்லை. அடுத்து அதுதான்.