ரியோ கிராண்டே 5771: நான்கு கோடுகளா, ஒற்றைக் கோடா?

கேள்வி (மலைத்தடம்):
அனைவருக்கும் வணக்கம். அமெரிக்காவின் டென்வர் - ரியோ கிராண்டே வெஸ்டர்ன் ரயில் நிறுவனத்தின் 5771 எண் கொண்ட எஃப்9 டீசல் எஞ்சினின் ஹெச்ஓ அளவு (அசலில் 87இல் ஒரு பங்கு) மாதிரி ஒன்று, பெயின்ட் அடிக்கப்படாத நிலையில் என்னிடம் இருக்கிறது. டென்வரிலிருந்து ராக்கி மலைகளில் ஏறி மொஃபட் சுரங்கத்தைக் கடந்து செல்லும் பாதையில், கலிஃபோர்னியா செஃபிர் என்ற பயணி வண்டியை இழுப்பதாக இதை அமைக்க விரும்புகிறேன். ஆனால் கிடைக்கும் படங்களில் சிலவற்றில் நான்கு மெல்லிய கருப்புக் கோடுகள் இருக்கின்றன. மற்றவற்றில் ஒரே ஒரு கோடுதான். மஞ்சளும் ஒரு படத்தில் வெளிறியும் இன்னொன்றில் ஏறத்தாழ ஆரஞ்சாகவும் தெரிகிறது. அதே நிறுவனத்தின் சரக்கு எஞ்சின்களோ முழுக் கருப்பாக உள்ளன. எதைப் பின்பற்றுவது?

பதில் (பழைய அட்டவணை):
முதலில் ஆண்டை முடிவு செய்யுங்கள். கோடுகளின் எண்ணிக்கை அதிலிருந்து தானாகவே வந்துவிடும். கலிஃபோர்னியா செஃபிர் 1949 முதல் 1970 வரை ஓடியது. 5771 கட்டப்பட்டது 1955இல். ஆகவே 1950களின் பிற்பகுதியைக் காட்டுவதென்றால் மஞ்சள், வெள்ளி, நான்கு கருப்புக் கோடுகள் என்ற அமைப்பே பொருந்தும். அந்த மஞ்சளுக்கு, இலையுதிர் காலத்தில் கொலராடோ மலைச் சரிவுகளைப் பொன்னாக்கும் ஆஸ்பென் மரத்தை ஒட்டி ‘ஆஸ்பென் கோல்டு’ என்று பெயர் வைத்தார்கள். பின்னாளில் ஆரஞ்சுச் சாயல் கூடிய ‘கிராண்டே கோல்டு’ வந்தது. எனவே நீங்கள் பார்த்த இரண்டு மஞ்சள்களுமே உண்மையானவையாக இருக்கலாம். வெள்ளிக்கும் ஒரு காரணம் உண்டு: பின்னால் வரும் பெட்டிகளின் துருப்பிடிக்காத எஃகோடு எஞ்சினும் சேர்ந்து ஒரே வண்டியாகக் கண்ணுக்குப் படவேண்டும்.

பதில் (டெக்கால் மேசை):
மேலே உள்ளவர் சொன்னது சரிதான். இருந்தாலும் 5771 என்றவுடன் ரயில் அன்பர்களின் நினைவுக்கு வருவது ஒற்றைக் கோட்டுத் தோற்றம்தான். 1971இல் பெரும்பாலான நிறுவனங்கள் தங்கள் பயணி வண்டிகளை ஆம்ட்ராக் என்ற தேசியப் பயணி ரயில் நிறுவனத்திடம் ஒப்படைத்தபோது, அதில் சேராத சில நிறுவனங்களில் ஒன்றான ரியோ கிராண்டே, டென்வருக்கும் சால்ட் லேக் சிட்டிக்கும் இடையே ரியோ கிராண்டே செஃபிரை 1983 ஏப்ரல் வரை வாரம் மும்முறை தானே ஓட்டியது. அந்த வண்டியின் முகமாக இருந்தது இந்த எஞ்சின். நான்கு கோடுகளை அளந்து, பெயின்ட் படக்கூடாத இடத்தை மறைக்கும் டேப் ஒட்டி, ஒன்று காய்ந்தபின் அடுத்ததை அடிப்பது பணிமனையில் எவ்வளவு உழைப்பைக் கேட்டிருக்கும் என்பது, நம் சிறிய மாதிரியில் எஞ்சினின் முன்பகுதியான மூக்கின் வளைவோடு போராடிப் பார்த்தவர்களுக்குப் புரியும். ஒற்றைக் கோட்டை ஒரு வீழ்ச்சி என்று சிலர் எழுதுவதை நான் ஏற்கவில்லை; அந்த மூக்கின் வடிவம் கோடுகள் குறைந்தபோதுதான் முழுமையாக வெளிப்பட்டது. இப்போது அந்த எஞ்சின் கோல்டன் நகரிலுள்ள கொலராடோ ரயில் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

சரக்கு எஞ்சின்களைப் பொறுத்தவரை, 1962-63இல் வந்த ஜிபி30 வகை முதலே கருப்பு உடலும் பொன்னிற எழுத்தும் வழக்கமாகிவிட்டன. தொடக்கத்தில் சிறிதாக இருந்த அந்தச் சாய்ந்த ‘ரியோ கிராண்டே’ எழுத்து, 1960களின் பிற்பகுதியில் உடல் முழுவதும் நீளும் அளவுக்குப் பெரிதானது.

கேள்வி கேட்டவர் (மலைத்தடம்):
இருவருக்கும் மிக்க நன்றி. கலிஃபோர்னியா செஃபிரையே இழுக்கப்போவதால் நான்கு கோடுகள் என்று முடிவு செய்துவிட்டேன். வெள்ளியைப் பளபளப்பாக விடலாமா?

பதில் (சுரங்கப் புகை):
விடாதீர்கள் என்பதே என் வேண்டுகோள். அலுமினியப் பெயின்டில் உள்ள நுண்ணிய உலோகச் செதில்கள் மேற்பரப்பில் படிந்து நிற்பதால்தான் புதிதில் அந்த மினுமினுப்பு கிடைக்கிறது. வெயிலும் பனியும் கழுவும் நீரும் பட்டபின் அது மங்கிச் சாம்பல் நிறமாகிவிடும். அதோடு இந்தப் பாதையில் சுமார் 10 கிலோமீட்டர் நீளமுள்ள மொஃபட் சுரங்கம் இருக்கிறது. அதில் டீசல் புகை தேங்குவதால், கிழக்கு வாயிலைத் திரையால் அடைத்து, பெரிய விசிறிகளைக் கொண்டு ஊதி வெளியேற்றுகிறார்கள். அப்படிப்பட்ட இடத்தைக் கடந்து வரும் எஞ்சினின் கூரையில், புகைபோக்கிகளைச் சுற்றியாவது கரி படிந்திருக்க வேண்டும். பயணி எஞ்சின் அடிக்கடி கழுவப்படும் என்பதால் பக்கங்களில் மிகக் குறைவாகவே அழுக்கு ஏற்றுங்கள்.

நிறத்தை ஒப்பிட, யூனியன் பசிபிக் நிறுவனம் 2006இல் ரியோ கிராண்டேயின் நினைவாக வண்ணம் தீட்டிய 1989 எண் எஞ்சினை மாதிரியாகக் கொள்ளாதீர்கள். அது பழைய கூறுகளைக் கொண்டு புதிதாக வரைந்த வடிவமைப்பு. மதிப்புக்குரிய அஞ்சலிதான், ஆனால் 1955க்குச் சான்றாகாது.

பூசும் வரிசை பற்றி ஒரு சொல்: வெள்ளியின் மீது நேரடியாக மாஸ்கிங் டேப் ஒட்டினால் செதில்கள் டேப்போடு எழும்பி வந்துவிடும். வெள்ளி அடித்து, நன்றாகக் காயவிட்டு, அதன்மேல் தெளிந்த பளபளப்பு வார்னிஷ் ஒரு பூச்சு கொடுத்த பின்னரே டேப் ஒட்டுங்கள். மஞ்சளுக்கு மறைக்கும் திறன் குறைவு என்பதால் அந்தப் பகுதிக்கு வெள்ளை அடிப்பூச்சு வேண்டும். கோடுகளுக்கு டெக்காலே (நீரில் நனைத்து ஒட்டும் மெல்லிய அச்சுப் படலம்) போதும்; அவற்றைப் பக்கவாட்டிலிருந்து தொடங்கி மூக்கை நோக்கிக் கொண்டுவாருங்கள், வளைவில் வெந்நீரும் டெக்காலை இளக்கும் திரவமும் உதவும்.