அதிபர் சேவைக்குப் போக அடுத்து எதைப் படிப்பது?

கேள்வி: ஹட்டன் பக்கம் தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். பட்டப்பின் கல்வி டிப்ளோமா முடிந்தது. அடுத்து கல்வி முதுமாணியா (M.Ed.), கல்வி முகாமைத்துவ டிப்ளோமாவா? வார இறுதிதான் கிடைக்கும்.

மறுமொழி 1: டீச்சர், முதுமாணி மட்டும் அதிபர் கதிரையைத் தராது. அதிபர் சேவையின் தரம் 3 க்கு, சேவையில் இருப்பவர்களுக்கு மட்டுமான மட்டுப்படுத்தப்பட்ட போட்டிப் பரீட்சை எழுத வேண்டும். வர்த்தமானியில் கேட்கும் சேவைக்காலத்தை முதலில் எண்ணிப் பாருங்கள். பாடசாலையை நடத்தக் கற்பதுதான் நோக்கம் என்றால், மஹரகம தேசிய கல்வி நிறுவகத்தின் முகாமைத்துவ டிப்ளோமா நேரடியானது. தமிழ் மொழிமூல வகுப்பு எந்த நிலையத்தில் என்று பணம் கட்டுமுன் கேளுங்கள்.

மறுமொழி 2: முதுமாணியில் பலர் சறுக்குவது ஆய்வில்தான். ‘மலையகக் கல்விப் பிரச்சினைகள்’ என்று தலைப்பு வைத்தால் கரை காண முடியாது. மூன்று பாடசாலை, தரம் 6, ஒரு வருட வரவுப் பதிவேடு போதும். மாத மொத்தத்தை விட்டு நாள் நாளாகப் பாருங்கள்: சம்பளத்துக்கு மறுநாள், கோயில் திருவிழா, கடும் மழை நாட்களில் எத்தனை பெயருக்கு நேரே சுழியம் விழுகிறது? அதிலிருந்தே நல்ல ஆய்வுக் கேள்வி பிறக்கும். வலயக் கல்விப் பணிப்பாளரின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் பதிவேட்டைத் தொடாதீர்கள். பிறகு அந்தத் தரவு செல்லாது.

மறுமொழி 3: தனியார் நிறுவனம் தரும் வெளிநாட்டு முதுமாணி என்றால், பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அங்கீகரிக்கிறதா என்று பாருங்கள்.