‘செல் விதி’யா, ‘ஆகுநிலை’யா?

சேலத்திலிருந்து:

குழுவினருக்கு வணக்கம். கருவளர்ச்சிச் சொற்பட்டியலில் cell fate என்பதற்கு, அதாவது கருவில் ஒரு செல் பின்னர் என்னவாகும் என்பதற்கு, ‘செல் விதி’ என்று இருப்பதை மாற்ற வேண்டும். மெண்டல் விதி படித்த பிள்ளை இதையும் செல்லைப் பற்றிய ஒரு கோட்பாடு என்றுதான் எடுத்துக்கொள்ளும். ‘ஊழ்’, ‘தலையெழுத்து’ என்று போனால் மாற்றவே முடியாதது என்ற பொருள் வந்து ஒட்டிக்கொள்கிறது. நாம் சொல்ல வருவது அதுவல்ல. ஒரு செல்லில் சாயம் ஏற்றுகிறோம், கருவைக் கலைக்காமல் வளர விடுகிறோம், பிறகு அந்தச் சாயம் தோலில் இருக்கிறதா, நரம்பில் இருக்கிறதா என்று பார்க்கிறோம். 1920களில் ஜெர்மன் கருவியலாளர் ஃபோக்ட் சாயம் ஊறிய அகார்த் துண்டுகளைக் கருவின்மேல் ஒட்டிச் செய்ததும் இதைத்தான்.

‘இது என்னவாகும்?’ என்பதற்கு விடை, ‘ஆகுநிலை’. ஆகுபெயர் பழகிய காதுக்கு இது அந்நியமாக இருக்காது. ஆகுநிலை வரைபடம், ஆகுநிலை மாற்றம் என்று நீட்டவும் வரும். ‘செல் தொழில்’ என்றொரு பரிந்துரையும் வந்தது. சீ. எலிகன்ஸ் புழுவில் உருவாகும் 1,090 உடற்செல்களில் 131 செத்துப்போகின்றன. சாவைத் தொழில் என்று எப்படிச் சொல்வது? ஆகுநிலை என்றால் அதுவும் அடங்கும்.

‘உயிரணு’ வேண்டாம், ‘செல்’ போதும். செய்தித்தாள்களில் ‘உயிரணு எண்ணிக்கை’ என்றால் விந்தணுக் கணக்கு.

ஏற்காட்டிலிருந்து:

ஐயா, ஆகுநிலை எனக்குச் சம்மதம். நான் ‘சேரிடம்’ என்று எழுதி வைத்திருந்தேன், கைவிடுகிறேன். நரம்பு முகட்டுச் செல்கள் (neural crest) கருவுக்குள் ஊர்ந்து போய்ச் சேரும் இடம் வேறு, அங்கே அவை ஆவது வேறு. சேரிடம் என்றால் இரண்டும் குழம்பும்.

ஆனால் ஒரு சொல்லோடு நிற்க முடியாது. ஆகுநிலை, அதன் பக்கம் செல் சாய்ந்திருப்பது, அதில் உறுதிப்பட்டுவிட்டது ஆகிய மூன்றும் மூன்று சோதனைகள். முதலாவதை நீங்களே சொல்லிவிட்டீர்கள். இரண்டாவதற்குத் திசுவை வெட்டி, தூண்டல் காரணி எதுவும் இல்லாத உப்புக்கரைசலில் தனியே வளர்க்க வேண்டும். மூன்றாவதற்கு அதைக் கருவின் வேறோர் இடத்தில் ஒட்ட வேண்டும். ஜெர்மன் கருவியலாளர் ஸ்பீமான் நீர்ப்பல்லியின் தொடக்கக் காஸ்ட்ருலாவில் (கருவின் செல்கள் உள்ளே நகர்ந்து அடுக்குகளாகும் கட்டம்), பின்னர் நரம்பாக வேண்டிய துண்டைத் தோல் வரும் இடத்தில் ஒட்டினார், அது தோலானது. காஸ்ட்ருலா முடியும் தறுவாயில் ஒட்டினார். எங்கே வைத்தாலும் நரம்பானது. ஆகுநிலை இரண்டு வேளையிலும் நரம்புதான். இடையில் மாறியது உறுதி.

ஆகவே ‘நாட்டம்’, ‘உறுதி’ என்று இரண்டு சொற்கள் தருகிறேன். ‘உறைவு’ என்று யாரோ எழுதியிருந்தார்கள். திரவ நைட்ரஜனில் செல்லை உறைய வைப்பவர்களோடு அது மோதும்.

நாட்டச் சோதனையில் அடிக்கடி கெடுகிற இடம் ஒன்றைச் சொற்குறிப்பில் சேர்க்க வேண்டும். தவளைக் கருவின் மேல்முனைத் தொப்பியை (animal cap, கருவின் மேல்பகுதித் திசு) ஒரே துண்டாக வெட்டினால் தோலாகிறது. கால்சியம் இல்லாத கரைசலில் செல்கள் பிரிந்து சில மணி நேரம் கிடந்தாலோ நரம்பாகிவிடுகின்றன. தோலாகும்படி செல்கள் ஒன்றுக்கொன்று அனுப்பும் பி.எம்.பி. என்ற புரதச் சமிக்ஞை கரைசலில் நீர்த்துப்போவதுதான் காரணம். கரைசலில் கால்சியம் விட்டுப்போனதைக் கவனிக்காதவர், நாட்டமே நரம்பு என்று எழுதிவைப்பார்.

சேலத்திலிருந்து:

அம்மா, மூன்றையும் எடுத்துக்கொள்கிறேன். மரபணுவின் பங்கை விளக்க செல்லை மலைச்சரிவில் உருளும் பந்தாகக் காட்டும் வாடிங்டனின் மேடுபள்ளப் படத்தைக் காட்டுகிறோம் இல்லையா, அதற்கு நம் சேர்வராயன் மலையே போதும். ஒரே மலை மழைதான். ஒரு சரிவில் விழுந்தால் திருமணிமுத்தாறு வழியாகக் காவிரிக்கு, மறுசரிவில் விழுந்தால் வாணியாறு வழியாகத் தென்பெண்ணைக்கு. உச்சியில் ஓரடி தள்ளினால் ஆறே மாறும், பாதி மலை இறங்கியபின் மாறாது. செல்லில் அந்தச் சரிவை அமைப்பவை மரபணுக்கள். எலிக் கருவில் சிடிஎக்ஸ்2, ஆக்ட்4 என்ற மரபணுக்கள் இரண்டும் ஒன்றையொன்று அடக்குகின்றன. ஒன்று சற்று ஏறினால் மற்றது இறங்கும், அந்த இறக்கமே முதலாவதை மேலும் ஏற்றும். சிடிஎக்ஸ்2 ஏறிய வெளிச்செல் நஞ்சுக்கொடிப் பக்கம் போகிறது. தண்ணீர் மேலே ஏறாது, ஆனால் முதிர்ந்த செல்லைத் திரும்பத் தொடக்க நிலைக்கு ஏற்ற முடியும் என்று 2006இல் ஜப்பானிய ஆய்வாளர் யமனாகா நான்கு புரதக் காரணிகளைக் கொண்டு காட்டினார். அதனால் ‘உறுதி’யின் விளக்கத்தில் ‘இயல்பான கருச்சூழலில்’ என்ற இரண்டு சொற்கள் கட்டாயம் வேண்டும்.

சொற்கள் நாக்கில் நிற்கின்றனவா என்று பார்க்கச் செய்முறைக் குறிப்பு ஒன்று:

“நாமக்கல் பண்ணை முட்டை உதவாது, சேவல் சேராத முட்டையில் கரு இல்லை. கருவுற்ற முட்டையில் மஞ்சள் கருவின்மேல் நடுவில் தெளிந்த வட்டமும் சுற்றிலும் வெள்ளை வளையமும் தெரியும். கருவுறாததில் ஓரம் பிசிறிய சிறு வெள்ளைப் புள்ளிதான். முட்டையை 15–18 டிகிரியில் வை. சேலத்துச் சித்திரை வெயிலில் மேசைமேல் கிடந்தால் அடைகாக்கும் முன்பே செல்கள் தாறுமாறாகப் பெருகத் தொடங்கும். பிறகு 37.5 டிகிரியில் 18 மணி என்று நீ எண்ணும் கணக்குக்கும் கருவின் வயதுக்கும் பொருத்தம் இராது. ஆகுநிலை வரைபடம் ஒரு குறிப்பிட்ட கட்டத்துக்கு மட்டுமே செல்லும். எனவே மணியைப் பார்த்துச் சாயமிடாதே. ஆதிக்கீற்று (primitive streak, கருவின் நடுவில் தோன்றும் கோடு) முழுநீளம் வந்து, அதன் முனையில் ஹென்சன் முடிச்சு என்ற தடிப்பு தெரிந்தபின் இடு.”

இதில் ‘ஆதிக்கீற்று’க்கு மாற்றுச்சொல் இருந்தால் எழுதுங்கள். மற்றவற்றைப் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.